மஞ்சள் வண்டிக்குச் சொன்ன குறை

பிரதாப் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் இந்தக் கதையே கிடையாது. பொய்யைச் சொல்லிவிட்டு, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, குறட்டை விட்டுத் தூங்கியிருப்பான். இவனுக்கு அந்தத் துப்பும் இல்லை.

விஷயம் இரண்டு கார்கள், அதில் ஒன்றை அவன் வாங்கவேண்டும். இரண்டும் பழசு, இரண்டும் ஸ்போர்ட்ஸ் கார். ஒன்று சிவப்பு. பெங்களூரில் பழைய வண்டி விற்கிற ஷோரூமில் நின்றது. இரண்டே சீட்டு, கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிடலாம். இன்னொன்று மஞ்சள். இங்கேயே, எங்கள் தங்கச் சுரங்க ஊரில், மைசூர் மைன்ஸ் பகுதியில் கிறிஸ்டோவின் வீட்டு வாசலில் நின்றது. அதில் முன்னால் இரண்டு பேர் போக, பின்னால் ஒரு குட்டி சீட்டும் உண்டு. கம்பெனிப் பேரெல்லாம் எதற்கு? பேரைச் சொன்னால் பெட்ரோல் போடவா போகிறீர்கள்?

கிறிஸ்டோ அந்த மஞ்சள் வண்டியைப் பெற்ற பிள்ளை மாதிரி வைத்திருந்தான். ஆனால் கிறிஸ்துமஸுக்கு வாசலில் ஸ்டார் கட்டப் போய் ஏணியிலிருந்து விழுந்து இடது கால் ஒடிந்தது. இனி கிளட்ச் மிதிக்கக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். வீட்டில் மனைவி வின்னி நிறைமாதம். ஓட்ட முடியாத வண்டியை வாசலில் வைத்துப் பூஜையா செய்வது? விற்றுவிடலாம் என்றான்.

இந்தச் செய்தியைப் பிரதாப்பிடம் கொண்டுவந்தவன் ஃப்ரெடி. வின்னியின் கூடப்பிறந்த அண்ணன், பிரதாப்பின் ரயில் சிநேகிதன். ஃப்ரெடி ஏறுவது மாரிகுப்பத்தில், ரயில் கிளம்புகிற இடத்திலேயே. பிரதாப் ஏறுவது கோரமண்டலில். அதற்குள் பெட்டி பிதுங்கிவிடும். ஆனால் ஃப்ரெடிக்கு எதிரே ஜன்னலோர சீட்டில் கட்டம் போட்ட கர்ச்சீப் ஒன்று கிடக்கும். அதன்மேல் மந்திரியே வந்தாலும் உட்கார முடியாது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பிரதாப் பெங்களூர் வரை நின்றுகொண்டு போனதே இல்லை.

இரண்டு பேரின் அப்பாக்களும் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் ஒரே கேங்கில், ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்தவர்கள். சுரங்கத்தின் அடியில் அவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. கேங்கில் எவனாவது ஒருத்தன் மேலே நிமிர்ந்து பார்த்து "சரியில்ல" என்று சொன்னால் போதும். எங்கே, என்ன, உனக்கு எப்படித் தெரியும் என்று ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். போட்டதைப் போட்டபடி விட்டுவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிடுவார்கள். கேள்வி கேட்டுக்கொண்டு நின்றால் தலைக்கு மேலிருக்கும் பாறை காத்துக்கொண்டிருக்காது. சுரங்கத்தை மூடி இத்தனை காலம் ஆகியும் இந்த ஒன்று மட்டும் பிள்ளைகளிடம் ஒட்டிக்கொண்டது. ரயில் கோஷ்டியில் ஒருத்தன் ஒரு டாக்டரைச் சரியில்லை என்றால் அந்த டாக்டரிடம் யாரும் போகமாட்டார்கள். காரணம் கேட்பது மரியாதைக் குறைவு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரதாப் மஞ்சள் வண்டியை ஓட்டிப் பார்க்கப் போனான். பக்கத்தில் மனைவி இந்து. பின் சீட்டில், வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல், ஃப்ரெடி. அவன் ஆறடி ஆள். முழங்கால் முகவாயில் இடிக்க, தலை கூரையில் முட்ட, மடித்து வைத்த பாய் மாதிரி உட்கார்ந்துகொண்டு முகமெல்லாம் பல்லாகச் சிரித்தான்.

சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைட் மேட்டைச் சுற்றி வண்டி வழுக்கிக்கொண்டு போனது. அடடா, என்ன வண்டி! மிதித்தால் சீறியது, விட்டால் அடங்கியது. ஒரு தடதடப்பு இல்லை, ஒரு முனகல் இல்லை. இவர்கள் கிளம்பும்போதே கிறிஸ்டோ, "வைப்பர் மட்டும் கொஞ்சம் மெதுவா போவும்ணா, அத்த சொல்லிடறேன்" என்று தானாகவே சொல்லியிருந்தான். அதைத் தவிர ஒரு குறை கிடையாது. பிரதாப்புக்குக் கை ஸ்டியரிங்கை விட்டு வர மறுத்தது. இதுதான், இதேதான் என்று மனசு குதித்தது.

அப்போதுதான் பின்னாலிருந்து ஃப்ரெடி சொன்னான். "மாப்ள, வண்டி உன் கைக்கு வந்த நாள்லேருந்து ட்ரெயினுக்கு டாட்டா! நானும் முனிரத்தினமும் பின்னாடி. போறப்ப நான் ஏசு பாட்டு, வர்றப்ப அவரு முருகன் பாட்டு. இன்னா சொல்ற?"

பிரதாப் சிரித்தான். உதடுதான் சிரித்தது. ரயில் கோஷ்டி முனிரத்தினத்தின் கருவாட்டு டிபன், ஃப்ரெடியின் அடித்தொண்டைப் பாட்டு, தினமும் போக வர, தன் ஸ்போர்ட்ஸ் காரில்! இதற்காகவா இத்தனை வருஷம் ஆசையை அடக்கி வைத்திருந்தான்? இருக்கிற ஜன்மத்தில் ஒரு தடவையாவது யாருக்கும் சீட்டுப் போடாமல், யாரும் தனக்குப் போடாமல், தனியாக, ராஜா மாதிரி போகவேண்டும் என்று இருந்தது. அந்தச் சயனைட் மேட்டைத் தாண்டுவதற்குள் அவன் சிவப்பு வண்டியை வாங்கிவிட்டான். ரசீது மட்டும்தான் பிறகு வந்தது.

அதுவாவது போகட்டும். எனக்கு இரண்டு சீட்டுதான் வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். யார் தலை உருண்டிருக்கும்? ஆனால் ரயிலில் ஃப்ரெடி ஆசையாக, "இன்னாடா முடிவு பண்ண?" என்று கேட்டபோது பிரதாப்புக்கு நாக்கு புரண்டது.

"அந்த வண்டி சரியில்ல மாப்ள. அடி வாங்கின வண்டி. அடிச் சட்டமே வளைஞ்சிருக்காம். மெக்கானிக் பாத்துட்டு சொன்னாரு."

ஃப்ரெடி ஒன்றும் கேட்கவில்லை. எந்த மெக்கானிக், எப்போது பார்த்தார், ஒன்றுமே இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பக்கத்தில் இருந்த முனிரத்தினம், "அப்ப அவன் கால் ஒடிஞ்சது ஏணில இருந்து இல்ல, வண்டிய எங்கியோ இட்சிருக்கான்" என்று தானே கதையை முடித்துவைத்தார். பிரதாப் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தான். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டான்.

வீட்டில் இந்து மட்டும் கேட்டாள். "ஏங்க, எந்த மெக்கானிக்குங்க? நானும் கூடத்தானே இருந்தேன்."

"உனக்குத் தெரியாது" என்றான். சிவப்பு வண்டி வந்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, மாலை போட்ட பிறகும் அவள் அதில் ஏறுவதற்கு ஏதாவது ஒரு சாக்கு சொல்லித் தட்டிக்கழித்தாள்.

யார் வண்டி வாங்கினாலும் கோஷ்டிக்கு ஒரு ரவுண்டு என்பது எழுதாத சட்டம். ஒவ்வொருத்தராகத்தான் ஏற்ற முடிந்தது. ஃப்ரெடி ஏறினான். டேஷ்போர்டைத் தடவிப் பார்த்தான். ஊரிகாம் ஏற்றத்தில் ஸ்பீட் பிரேக்கரில் வண்டியின் வயிறு 'கர்ர்' என்று தேய்ந்தது. ஃப்ரெடி அதைக் கவனிக்கவில்லை. அவன் கண் கலங்கியிருந்தது.

"மன்னிச்சுக்கடா மாப்ள. நான்தான் உன்ன அந்தப் பாழாப்போன வண்டிக்கு அனுப்சேன். என் மச்சான் இவ்ளோ கேவலமா இருப்பான்னு எனக்குத் தெரியாதுடா. நல்ல வேள, நீ தப்சிக்கின."

பிரதாப்புக்கு உடம்பெல்லாம் கூசியது. இப்போது சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டது. "விடுடா" என்றான். அவ்வளவுதான் வந்தது. சீ, என்ன பிழைப்பு!

அதற்குப் பிறகு, ஒருத்தரை ஏற்றி ஒருத்தரை விட முடியாது என்ற சாக்கில், சிவப்பு வண்டியில் தனியாகப் போனான், ராஜா மாதிரிதான். ஹைவேயில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். காலியாக இருந்த பக்கத்து சீட்டை மட்டும் அவனால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. கூரையை மடக்கினால் வெயில் மண்டையைப் பிளந்தது. மடக்காவிட்டால் மூச்சு முட்டியது. வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. பாவம், அது என்ன செய்யும்?

சில வாரம் கழித்து ராபர்ட்சன்பேட்டை பெட்ரோல் பங்கில் முனிரத்தினம் எதிர்ப்பட்டார். "சேதி தெரியுமா பிரதாப்பு? அந்த மஞ்ச வண்டிய வாங்க ஒரு நாதி வரல. நாம சொன்னது பங்காருப்பேட்டை வரைக்கும் போயிட்ச்சு. கடைசில காயலான் கடைக்காரன் வந்து பாத்துக்கினு போயிருக்கான், பார்ட் பார்ட்டா பிரிச்சு எட்துக்க. நல்லா வேணும் அவனுக்கு. ஃப்ரெடியும் அந்த வீட்டுப் பக்கம் போறதில்ல."

பிரதாப் பெட்ரோல் போட வந்ததை மறந்துவிட்டு வண்டியைத் திருப்பினான்.

மைசூர் மைன்ஸில் கிறிஸ்டோ வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, துணியால் மஞ்சள் வண்டியின் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தான். காயலான் கடைக்குப் போகப்போகிற வண்டி அது. ஊன்றுகோல் பக்கத்தில் சாய்ந்திருந்தது.

"வாங்கண்ணா" என்றான். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பிரதாப்புக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

"கிறிஸ்டோ, நான் பொய் சொல்லிட்டேன்."

"தெரியும்ணா. என் வண்டி, எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஃப்ரெடிகிட்ட சொல்லவேண்டியதுதானே?"

"சொன்னேனே. மாதா மேல சத்தியம் பண்ணி சொன்னேன். கேக்கலண்ணா. 'பிரதாப் ஒரு வண்டிய சரியில்லன்னு சொன்னா சரியில்லதான். அவன் பொய் சொல்லமாட்டான், நீதான் சொல்லுவ'ன்னுட்டாரு. 'மெக்கானிக்க கூட்டினு வாங்க, இங்கியே பாக்கட்டும்'னேன். அதுக்கு, 'எங்க கேங்க்ல ஒருத்தன் சொன்னத சோதன பண்ணமாட்டோம்'னுட்டு போயிட்டாரு."

கைக்குழந்தையோடு வின்னி உள்ளேயிருந்து வந்தாள். உட்காருங்கள் என்று சொல்லவில்லை.

"நானே இந்த வண்டிய எடுத்துக்கறேன் வின்னி" என்றான் பிரதாப். "அந்தச் சிவப்ப வித்துட்டு..."

"வண்டி கெடக்குதுங்கண்ணா" என்றாள் அவள். "இவனுக்கு ஞானத்தகப்பனா நிக்கவேண்டியது எங்கண்ணன். வயித்துல இருக்கும்போதே பேசி வச்சது. ஞானஸ்நானத்தன்னிக்குக் கோயில்ல ஃபாதர் காத்துனு கீறாரு, நான் வாசலையே பாத்துனு கீறேன். வரல. கடைசில யாரோ மூணாவது மனுஷன் கைல புள்ளய குடுத்தோம். அத்த நீங்க வாங்கித் தருவீங்களா?"

பிரதாப் குழந்தையைப் பார்த்தான். அது கொட்டாவி விட்டது. அவனுக்கு அழுகை வந்தது. அழுவதற்குக்கூட அந்த வாசலில் தனக்கு உரிமை இல்லை என்று பட்டது.

"எங்கண்ணன்கிட்ட நீங்களே உங்க வாயால சொல்லுங்க" என்றாள் வின்னி. "நாங்க சொன்னா அவரு நம்பமாட்டாரு."

மறுநாள் காலை பிரதாப் காரை வீட்டிலேயே விட்டுவிட்டுக் கோரமண்டல் ஸ்டேஷனுக்கு நடந்தான். வண்டி வந்தது. கூட்டத்தில் முட்டி மோதி உள்ளே நுழைந்தான். ஜன்னலோரம் ஃப்ரெடி. எதிரே, காலியான சீட்டின்மேல், அந்தக் கட்டம் போட்ட கர்ச்சீப்.

"இன்னாடா, காரு ரிப்பேரா?" என்று ஃப்ரெடி சிரித்தான். "உக்காரு, உக்காரு. நீ வர்றதில்லன்னு தெரிஞ்சும் கை தானா போட்டுடுது மாப்ள. பெமல் நகர் வரைக்கும் வச்சுனு இருந்துட்டு அப்புறம் யாருக்காச்சும் குடுத்துடுவேன்."

பிரதாப் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். சுற்றி அத்தனை பேர், முனிரத்தினம் உட்பட, பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் வந்திருந்தான்.

"ஃப்ரெடி, மஞ்ச வண்டில ஒரு குறையும் இல்ல. எந்த மெக்கானிக்கும் பாக்கல. கிறிஸ்டோ பொய் சொல்லல. நான்தான் சொன்னேன்."

ஃப்ரெடியின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. "இன்னாடா சொல்ற?"

"பொய்டா. அத்தனையும் பொய்."

"ஏன்டா?"

"பின் சீட்டு" என்றான். "நீங்கள்லாம் தினமும் ஏறுவீங்களேன்னு."

முனிரத்தினம் குனிந்து டிபன் பையின் வாரைச் சரிசெய்தார். ஃப்ரெடி குனிந்து தன் முழங்கால்களைப் பார்த்தான்.

"வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் ஏறியிருப்பனாடா?" என்றான். மெதுவாகத்தான் கேட்டான். "உனக்குன்னு ஆசயா வாங்கறன்னா, நான் தள்ளி நின்னு பாத்துட்டு சந்தோஷமா போயிருப்பேன்டா. எந்தங்கச்சி புள்ளய தூக்கல நான். அவ முகத்த பாக்கல."

ரயில் பெமல் நகரில் நின்றது. ஃப்ரெடி எழுந்தான். அன்றைக்கு வேலைக்கு அவன் போகப்போவதில்லை என்பது எல்லாருக்கும் புரிந்தது. திரும்பி மைசூர் மைன்ஸுக்குத்தான் போவான். பிரதாப் ஒதுங்கி வழி விட்டான். ஃப்ரெடி இரண்டடி எடுத்து வைத்தவன் நின்று, திரும்பி வந்து, சீட்டின்மேல் கிடந்த கர்ச்சீப்பை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனான்.

வண்டி கிளம்பியது. புதிதாக ஏறிய ஒரு பெரியவர் எட்டிப் பார்த்தார்.

"ஏம்பா, இங்க யாராச்சும் வராங்களா?"

"இல்லைங்க" என்றான் பிரதாப். "நீங்க உக்காருங்க."