கண்ணுக்குக் கீழே விழுந்த கறுப்பு

ஏலக்காயில் கறுப்பு விழுந்தால் அது செடியின் குற்றமில்லை, உலர்த்தியவன் குற்றம் என்பது சோலையின் கட்சி. குரங்கணியில் ஜீப்பை விட்டு இறங்கி, ஒற்றையடிப் பாதையில் மூச்சு வாங்க ஏறினால் வருகிற சரிவில் அவனுக்கு ஒரு சின்ன ஏலத்தோட்டம் இருந்தது. தோட்டத்துக்கு நடுவில் கல்லுக்கட்டுச் சுவரோடு காய் உலர்த்தும் ஸ்டோர். வெளியே அடுப்பில் விறகு எரியும். சூடு இரும்புக் குழாய் வழியாக உள்ளே போகும். தட்டுகளில் பரப்பிய காய் பச்சை மாறாமல் காய்ந்து வரும். குழாயில் எங்கேயாவது ஓட்டை விழுந்து புகை கசிந்ததோ, போச்சு. காய் திட்டுத் திட்டாகக் கறுத்துவிடும். போடி வியாபாரி ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவான். அப்போதெல்லாம் சோலை மழையைப் பழி சொல்ல மாட்டான், பூச்சியைப் பழி சொல்ல மாட்டான். தப்பு என் மேல்தான் என்று ஒத்துக்கொண்டு வருவான். நல்ல குணம்தான். ஆனால் அந்தக் கணக்கைக் கொண்டுபோய்ப் பெண்டாட்டி முகத்தில் போட்டுப் பார்த்தான் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை.

எழுபத்தெட்டாம் வருஷம் தை மாதம் அவனுக்குக் கல்யாணம் நடந்தது. பெண் மூக்கம்மாள், பொட்டிபுரத்துக்காரி. சொந்தத்தில் எடுக்கவில்லை, அசலில் எடுத்தது. தோட்டத்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் முகத்தில் பவுடர் இல்லாமல் சோலை பார்த்ததே கிடையாது. அவன் எழுந்திருப்பதற்கு முன்னாலேயே எழுந்து, குளித்து, பூசி முடித்திருப்பாள். அட்டை கடிக்கிற காட்டுக்குள் எதற்கு இம்புட்டுப் பவுடர் என்று அவன் கேட்டதில்லை. பெருமையாகத்தான் இருந்தது. மலையில் இருந்தாலும் என் பெண்டாட்டி டவுன்காரி மாதிரி இருக்கிறாள் என்று ஜீப் டிரைவர் பெரியகருப்பனிடம் பீற்றிக்கொள்ளவும் செய்தான்.

சித்திரையில் ஒருநாள் கோடைமழை பிடித்துக்கொண்டது. விறகு பொறுக்கப் போனவள் தொப்பலாக நனைந்து வந்து வாசலில் நின்றாள். பவுடர் முழுக்கக் கரைந்து போயிருந்தது. இரண்டு கண்ணுக்கும் கீழே, கரித்துண்டால் தேய்த்துவிட்ட மாதிரி, கறுப்பு வளையம்.

“என்னா புள்ள, கண்ணுக்குக் கீழ இப்படிக் கறுத்துக் கெடக்கு?”

அவள் சட்டென்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். “தூக்கமில்லங்க. புது எடமில்ல, அதான்” என்றாள்.

சோலை கணக்குப் போட்டுப் பார்த்தான். கல்யாணத்தன்று இந்தக் கறுப்பு இல்லை. அவன் கண்ணால் பார்த்திருக்கிறான், பளிச்சென்றுதான் இருந்தாள். அப்படியானால் இது இங்கே வந்து விழுந்தது. தன் வீட்டில் எங்கேயோ புகை கசிகிறது என்று முடிவு கட்டிவிட்டான்.

தூக்கம்தானே குறை என்று முதலில் அவளைத் தூங்க வைத்தான். காலையில் தண்ணீர் அவனே சுமந்தான், சோறு அவனே வடித்தான். “நீ படு, சோலிய நான் பாக்குறேன்” என்று சொல்லி அவளை எழுந்திருக்கவே விடவில்லை. அவளும் சொன்னபடி படுத்தாள். ஆனால் கூரையைப் பார்த்தபடி முழித்துக் கிடந்தாள். கறுப்பு குறையவில்லை. பார்க்கப் பார்க்கக் கூடின மாதிரிதான் இருந்தது.

பெரியகருப்பன் விஷயத்தைக் கேட்டதும் ஸ்டியரிங்கில் ஒரு தட்டுத் தட்டினான். “ரத்தமில்ல மாப்ளே! ஆட்டு ஈரலு, முருங்கைக்கீர, பேரிச்சம்பழம். இத மூணையும் குடு, முகம் ஆப்பிள் கணக்கா ஆயிரும்.” சோலை மூன்றையும் வாங்கிச் சுமந்துகொண்டு ஏறினான். ஈரலைப் பார்த்தாலே மூக்கம்மாளுக்குக் குமட்டும். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை.

அடுத்த தோட்டத்தில் களை வெட்டுகிற சுப்புத்தாய் வேறு வழி சொன்னாள். அது உடம்புச் சூடாம்; வெள்ளரிக்காயை வட்டமாக அறுத்துக் கண்ணில் வைக்க வேண்டுமாம், கிடைக்காவிட்டால் உருளைக்கிழங்கைத் துருவிச் சாறெடுத்துத் தடவ வேண்டுமாம். எஸ்டேட்டில் வேலை பார்க்கிற மலையாளத்துப் பெண் ஒருத்தி தேங்காயெண்ணெய் தேய்க்கச் சொன்னாள். எண்ணெய் பட்டால் இன்னும் கறுக்கும் என்றான் பெரியகருப்பன். ஒருத்தர் தலையணை வைக்காதே என்றார், இன்னொருத்தர் இரண்டு தலையணை வை என்றார். யார் சொல்வதைக் கேட்பது, யார் சொல்வதை விடுவது என்று தெரியாமல், சோலை எல்லோர் சொன்னதையும் செய்தான். மூக்கம்மாள் கண்ணில் வெள்ளரிக்காயும் கன்னத்தில் எண்ணெயுமாகப் படுத்துக் கிடக்கும்போது பார்க்கச் சிரிப்பு வரும். அவன் சிரிக்கவில்லை. வெள்ளரிக்காய்க்கு அடியிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போவதை, காயிலிருந்து ஊறுகிற தண்ணீர் என்றே நினைத்துக்கொண்டிருந்தான்.

போடியில் டாக்டரிடமும் கூட்டிப்போனான். டாக்டர் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். “ரத்தமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. கண்ணு அரிக்குதா? கசக்குறியாம்மா?” இல்லை என்று தலையாட்டினாள். “உங்க வீட்டுல வேற யாருக்காச்சும் இப்படி இருக்கா?”

“இல்லீங்க” என்றாள் மூக்கம்மாள், அவர் கேட்டு முடிப்பதற்குள்ளாகவே.

டாக்டர் ஒரு சத்து டானிக்கை எழுதிக் கொடுத்து அனுப்பினார். ரத்தம் நன்றாக இருக்கிறதென்றால் டானிக் எதற்கு? டானிக் வேண்டுமென்றால் ரத்தம் எப்படி நன்றாக இருக்கும்? குரங்கணி வந்து சேரும்வரை சோலைக்கு மண்டை காய்ந்தது.

ஆனி மாதம் சுப்புத்தாய்தான் அந்தப் பேச்சைப் பேசினாள். “அண்ணே, தப்பா நெனைக்காதீக. மருந்துக்கு மசியலன்னா அது மனசுதேன். புடிக்காத எடத்துல கட்டிக் குடுத்த புள்ளைகளுக்குத்தான் இப்படி விழும்.”

சோலை அதை அப்படியே நம்பிவிட்டான். அதற்குப் பிறகு எல்லாமே அந்தப் பேச்சோடு பொருந்தி வந்தது. அவள் பேசுவது குறைந்துவிட்டது. சாப்பாடும் குறைந்துவிட்டது. அவன் ஏறிட்டுப் பார்த்தால் உடனே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பிடிக்காமல்தான் திருப்புகிறாள், வேறென்ன இருக்க முடியும்? கேட்டுவிடலாம் என்று பல தடவை வாயெடுத்தான். ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் கேட்காமலே விட்டான். கேட்பதற்குப் பதிலாக இன்னும் நாலு வெள்ளரிக்காய் வாங்கிவந்தான்.

ஆடி பிறக்கப் போகிறது. புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்காரர்கள் வந்து கூட்டிக்கொண்டு போவார்கள். ஆவணி பிறந்ததும் புருஷன் போய்க் கூட்டிவருவான். அதுதான் வழக்கம். போகிறவள் திரும்பி வருவாளா என்பதுதான் சோலை மனசில் ஓடிய ஓட்டம்.

மாமனார் ஒச்சப்பனுக்கு முழங்கால் வலி. அவர் குரங்கணியில் பெரியகருப்பன் ஜீப்பிலேயே உட்கார்ந்துகொண்டு, தங்கச்சி ஜக்கம்மாளை மேலே அனுப்பியிருந்தார். மூக்கம்மாளுக்கு அத்தைமுறை. சோலை அவளை அதுவரை கண்டதில்லை. பாதை ஏறி வந்தவள் வாசலில் நின்று நிமிர்ந்து பார்த்ததும் அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதே கண். அதே கறுப்பு வளையம். வயசுக்கேற்ற மாதிரி இன்னும் இறங்கிப் போயிருந்தது, அவ்வளவுதான்.

இந்தம்மாளுக்கும் தூக்கம் இல்லையா, ரத்தம் இல்லையா என்றுதான் அவன் புத்தி முதலில் ஓடியது. “ஆத்தா, நீங்க இதுக்கு ஏதும் மருந்து பாத்தீகளா?” என்று கேட்டே விட்டான்.

“இதுக்கா?” ஜக்கம்மாள் தன் கண்ணைத் தொட்டுக் காட்டினாள். “மருந்தெல்லாம் கெடையாது மாப்ளே. எங்க வீட்டுப் பொம்பளைகளுக்கு வயசுக்கு வந்தாப் போதும், விழுந்துரும். எங்காத்தாளுக்கு இருந்துச்சு, எனக்கு இருக்கு, அவளுக்கும் இருக்கு.”

“கலியாணத்துல ஒங்களப் பாக்கலையே?”

“அடுப்படிய விட்டு வெளிய வரக்கூடாதுன்னு அண்ணே கட்டாயமாச் சொல்லிருச்சு. என்னயப் பாத்தா அவளயும் உத்துப் பாப்பீகள்ல.”

சோலைக்கு முதலில் உடம்பே லேசானது. அப்படியானால் துக்கம் இல்லை. புகை எங்கேயும் கசியவில்லை. என்னைப் பிடிக்காமல் விழுந்த கறுப்பு இல்லை இது! வாய்விட்டுச் சிரிக்கப் போனான். அந்த நேரம் பார்த்து மூக்கம்மாள் தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். பெட்டி மூடமுடியாமல் பிதுங்கிக்கொண்டிருந்தது. அவன் உள்ளே எட்டிப் பார்த்தான். கொடியில் அவள் சேலை ஒன்றுகூட இல்லை. சீராக வந்த பித்தளைக் குடத்தையும் சாக்கில் கட்டி வைத்திருந்தாள்.

“ஒரு மாசத்துக்கு எதுக்கு இம்புட்டும்?”

அவள் பெட்டியை இறக்கி வைத்தாள். முகத்தில் பவுடர் இல்லை. முதல்தடவையாக முகத்தைத் திருப்பாமல் அவனைப் பார்த்தாள்.

“ஒங்களுக்கு எம்மூஞ்சி புடிக்கலன்னு எனக்குத் தெரியுங்க. நீங்க ஒவ்வொரு மருந்தாக் கொண்டாரயில எல்லாம், இதுலயாச்சும் போயிறாதான்னுதான் தின்னேன். போகாது. எங்கப்பாதான் சொல்லக்கூடாதுன்னுச்சு. ஏமாத்திக் கட்டிக்குடுத்ததுக்கு நீங்க என்னயக் கூப்பிட வரலன்னாலும் நான் ஒன்னும் சொல்ல மாட்டேன்.”

இத்தனை நாள் சோலை ஆசையாக வாங்கிவந்த ஈரலும் எண்ணெயும் வெள்ளரிக்காயும் அவளுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கிறது! “அய்யோ, அது இல்ல புள்ள... ஒனக்குத்தான் என்னயப் புடிக்கலையோன்னு... நான்...” பேச்சு குழறியது. “ஆவணி பெறந்ததும் மொத ஆளா வந்து நிக்கிறேன் பாரு” என்று மட்டும் முழுசாகச் சொல்லி முடித்தான்.

ஜக்கம்மாள் குனிந்து பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். குரலில் கோபமில்லை. “என்னயும் மொத ஆடிக்குத்தான் கூட்டியாந்தாக. அவரும் ஆவணியில வர்றேன்னுதான் சொன்னாரு. வா, நேரமாச்சு, வெரசா எறங்குவோம்.”

மூக்கம்மாள் சாக்கைக் கையில் எடுத்தாள். சோலைக்கு வேறு எதுவும் புரியாவிட்டாலும் ஒன்று மட்டும் புரிந்தது: இனி எந்தச் சத்தியம் செய்தாலும் அது இந்தப் பெண்கள் ஏற்கெனவே கேட்டுவிட்ட சத்தியமாகத்தான் இருக்கும். ஓடிப்போய்ச் சாக்கைப் பிடுங்கிக்கொண்டான்.

“அவ வரலை ஆத்தா. நான் அனுப்பலன்னு மாமாகிட்டச் சொல்லிருங்க.”

“ஆடியில பொண்டாட்டிய வீட்டுல வச்சுக்கிட்டா ஊரு காறித் துப்பும் மாப்ளே.”

“துப்பட்டும். எனக்கு இவ இங்கனதான் இருக்கணும்.”

அத்தை அப்படியே நின்றுவிட்டாள். தலைச்சுமையை இரண்டு கையாலும் பிடித்திருந்ததால் கண்ணைத் துடைக்கக் கை இல்லை. தண்ணீர் தன்பாட்டுக்கு வழிந்தது. அழுவது சந்தோஷத்திலா, ஆத்தாமையிலா என்று சோலைக்கு விளங்கவேயில்லை. மூக்கம்மாளுக்கு விளங்கியது. கிட்டப்போய், முந்தானை நுனியால் அத்தையின் கண்ணுக்குக் கீழே மெதுவாகத் துடைத்துவிட்டாள்.