துடைக்கக் கூடாத புள்ளிகள்

முல்லைத்தீவில் ஸ்டூடியோ வைத்திருந்த யோகலிங்கம், அம்மாள் வருத்தம் என்கிற அம்மை நோய்க்கே சவால் விட்டவர். முகத்தில் எத்தனை தழும்பு இருந்தாலும் நெகடிவில் பென்சிலாலும் பிளேடாலும் வேலை செய்து மினுக்கிவிடுவார். கலியாணத் தரகர்கள் அவரைக் கும்பிடாத குறை.

விமலேஸ்வரி டீச்சரின் முகத்துத் தழும்புகளையும் போன வருடம் கலியாணப் படத்தில் அவர்தான் துடைத்தார். படத்தில் மயங்கிய சாவகச்சேரி மாப்பிள்ளை நேரில் வந்தார், முகத்தைப் பார்த்தார், தேத்தண்ணியைக் குடித்தார், கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழும்பினார். அப்போது மத்தியானச் சோறுகூட ஆகவில்லை. யோகலிங்கத்துக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. டீச்சரைத் தானே கட்ட ஆசைப்படுகிறார் என்பது கொஞ்ச நாள் கழித்துத்தான் அவருக்கே விளங்கியது. ஆனால் அந்தக் கூத்துக்குப் பிறகு எந்த முகத்தோடு கேட்பது?

இப்படியிருக்க, டீச்சரே ஒருநாள் ஸ்டூடியோவுக்கு வந்தார். லண்டனிலிருந்து தமையன் அனுப்பிய சின்னப் படம் ஒன்றைப் பள்ளிக்கூடக் கண்காட்சிக்குப் பெருப்பிக்க வேண்டுமாம். அந்திரோமீடா, நமக்குப் பக்கத்துச் சுருள் நட்சத்திர மண்டலம் என்றார். யோகலிங்கம் உயிரைக் கொடுத்து வேலை செய்தார்.

பெருப்பித்த படத்தைப் பார்த்த டீச்சருக்கு முகம் விழுந்துவிட்டது.

"சுத்திவர இருந்த புள்ளியள் எங்கை?"

"எல்லாம் துடைச்சுப்போட்டன், டீச்சர். ஒரு ஊத்தை இல்லை."

"அதுகளைக் காட்டத்தானே இந்தப் படம்! ஒவ்வொரு புள்ளியும் ஒரு கோளக்கொத்து. இலட்சக்கணக்கான நட்சத்திரங்கள் உருண்டையாத் திரண்டு கிடக்குது. தூரத்திலை நிண்டு பாக்கிற எங்களுக்குத்தான் அது புள்ளி." டீச்சரின் கை தன்பாட்டில் கன்னத்துக்குப் போனது. "உங்களுக்குப் புள்ளி எண்டால் துடைக்கத்தானே தெரியும்."

யோகலிங்கம் வெட்கத்தில் கூனிக் குறுகிப் போனார். சின்னப் படத்திலிருந்து எல்லாவற்றையும் புதிதாகச் செய்தார். இந்தமுறை உண்மையான தூசியைத் தொடவும் பயம். அதனால் முல்லைத்தீவு அந்திரோமீடாவில் வானத்தில் இருப்பதைவிடச் சில கொத்துகள் கூடுதல்.

டீச்சர் சந்தோஷப்பட்டார். "என்னைப் பெத்த ஐயா வேறை ஒரு மாப்பிள்ளை இடத்துக்கு அனுப்ப என்ரை படம் கேக்கிறார். எடுங்கோ. ஒண்டையும் துடைக்கப்படாது."

யோகலிங்கம் எடுத்தார். துடைக்கவில்லை. டீச்சர் வாங்க வந்தபோது கொடுக்கவும் இல்லை.

"இதை ஒரு இடத்துக்கும் அனுப்பவேண்டாம், டீச்சர்." படத்தை மேசையில் தன் பக்கம் இழுத்துவைத்தார். "இஞ்சையே... என்னட்டையே இருக்கட்டும்."

டீச்சர் தன் படத்தைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"அப்ப வந்து ஐயாவைக் கேளுங்கோ. தேத்தண்ணியைக் குடிச்சுப்போட்டு பஸ்ஸுக்கு நேரமாகுது எண்டு எழும்பக்கூடாது."

"எனக்குச் சைக்கிள்தான், டீச்சர்" என்றார் யோகலிங்கம்.