மரை முடியாத மூடி

ராஜாமணியின் டிராக்டர் மண்ணுக்குள் திருகிக்கொண்டு இறங்கி முடிக்கச் சித்திரையிலிருந்து ஆடி வரை பிடித்தது. மொரப்பூருக்குக் கிழக்கே, கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் வண்டிப்பாதையில் நின்றது அது. அவர் அப்பா காலத்துச் சீமை வண்டி. சவுரியப்பன் செத்த அன்று பாதையை அடைத்தாற்போல் அதைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, "வண்டி ரிப்பேரு, நகராது" என்று ராஜாமணி கையை விரித்தார். இருபுறமும் அவருடைய மஞ்சள் காடு, கம்பி வேலி. சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு காட்டைச் சுற்றி ஏரிக்குள் இடுப்பளவு தண்ணீரில் போனார்கள். யாருக்கோ கால் வழுக்கிப் பெட்டி முங்கி எழுந்தது. சவுரியப்பன் நனைந்துதான் குழிக்குள் போனார். வண்டி அங்கேயே நின்றது. அதன்பின் சவுரியப்பனின் காலனித் தெருவில் யார் செத்தாலும் ஏரிவழிதான்.

சவுரியப்பனின் மகள் பூவிழி ஸ்டேஷன் ரோட்டில் லேத் பட்டறை வைத்திருக்கிறாள். அவள் அம்மா ரோசம்மாள் படுக்கையில் விழுந்தபோது சாவுக்குப் பயப்படவில்லை, தண்ணீருக்குத்தான் பயந்தாள். "என்னியும் ஏரியில நனைச்சிறாத பாப்பா" என்று தினமும் மகளின் கையைப் பிடித்துக்கொள்வாள்.

அந்த வருஷம் பார்த்து, டிராக்டரைத் திருவிழாவில் ஓட்டிக் காட்டும் ஆசை ராஜாமணிக்கு வந்தது. டேங்க் மூடியின் திருகுமரை தேய்ந்து, மழைத்தண்ணீர் டீசலில் கலந்திருந்தது. கடையில் கிடைத்த மூடியெல்லாம் மில்லிமீட்டர் மரை; டேங்க் வாயோ பழைய அங்குல மரை. இரண்டு சுற்று ஏறும், மூன்றாவதில் கடித்துக்கொள்ளும். சேலம்வரை அலைந்துவிட்டு, வேறு வழியில்லாமல் தன் ஆள் மாதுவிடம் பழைய மூடியைப் பூவிழிக்குக் கொடுத்தனுப்பினார். தேய்ந்த மூடியை நம்பி வெட்ட முடியாது, டேங்கைக் கழற்றிக் கொண்டுவந்தால் போட்டுப் பார்த்து வெட்டலாம் என்றாள் பூவிழி. மாது தலையைச் சொறிந்தான்.

"ஆயுத பூசைக்குப் பொட்டு வெக்கற வண்டியாம். உங்க தெருக்காரங்க கை படக் கூடாதுங்கறாரு."

"சரி, கை படாமலே செஞ்சி தரேன்."

அப்பாவை நினைத்துக்கொண்டே பித்தளையில் மரை வெட்டினாள். அப்போது அவள் மனதில் துளி இரக்கமும் இல்லை.

மூடி வெண்ணெயாக ஏறியது. ராஜாமணி திருகத் திருக, முட்டவே இல்லை. கை ஓய்ந்து விட்டபிறகும் மூடி தானாகச் சுற்றியது; சுற்றுக்கு ஒரு மரை அளவு டிராக்டர் மண்ணில் இறங்கியது. எதிர்ப்பக்கம் திருகினால் இன்னும் வேகமாக இறங்கியது. பொக்லைன் வந்தது, சங்கிலி அறுந்தது, வாடகையை வாங்கிக்கொண்டு போனது. பெரிய சக்கரம் பாதி புதைந்ததும் ராஜாமணியே பட்டறைக்கு வந்தார்.

"வந்து கழட்டி வுடும்மா."

"கழட்டலாங்க. டேங்கைத் தொட்டாத்தான் முடியும். தொடட்டுங்களா?"

அவர் தெருவில் நின்று வேடிக்கை பார்த்தவர்களைப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஆடிக் கடைசியில் ஸ்டியரிங்கும் உள்ளே போனது. ஆவணியில் ரோசம்மாள் செத்தாள். பெட்டி காய்ந்த பாதையில் போனது. ராஜாமணி வேலிக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடம் வந்ததும் காலடியில் மண் மெல்லச் சுற்றுவது தெரிந்து, தூக்கியவர்கள் தயங்கினார்கள்.

"எதுக்குப் பயப்படறீங்க? நல்லா மிதிச்சே போங்க" என்றாள் பூவிழி, வேலிவரைக்கும் கேட்கும்படி.

மிதித்துக்கொண்டே போனார்கள். அந்த இடம் இன்றும் சுற்றுகிறது. சைக்கிளை மட்டும் யாரும் அங்கே நிறுத்துவதில்லை, வந்த பக்கமே திரும்பி நின்றுவிடும்.