வெறும் பெட்ரோல்

கொழிஞ்சாம்பாறையில் பழைய மெஷின்களை வாங்கி விற்கும் வனிதாவின் கடைக்கு, நின்றுபோன மரம் அறுக்கும் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார் குப்பண்ணன். கூட மகள் ஜீவிதாவும் வந்திருந்தாள். மெஷின் வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. பாதி விலையாவது தேறும் என்று நினைத்திருந்தார்.

அவருடைய தென்னந்தோப்பில் வேலை பார்த்த மாரீஸ்வரன் கையில்தான் அது நின்றது. காற்றில் சாய்ந்த மரத்தை அவன் அறுத்துக்கொண்டிருந்தபோது திடீரென்று இறுகிவிட்டது. "எனக்குத் தெரியாம வெளிய வாடகைக்கு ஓட்டிக் கெடுத்துட்டான், திருட்டுப்பய" என்று டீக்கடையில் எல்லோர் முன்னாலும் குப்பண்ணன் அவனை ஏசினார். அவன் டீயை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டான். அதற்குப் பிறகு வேலைக்கு வரவில்லை.

வனிதா கயிற்றை இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. சைலன்சரைக் கழற்றி, அந்த ஓட்டை வழியே டார்ச் அடித்து உள்ளே பார்த்தாள்.

"ஏனுங்க, பிஸ்டனெல்லாம் கோடு கோடாச் சொரண்டிக் கெடக்குது பாருங்க. ஆயில் கலக்காம வெறும் பெட்ரோல ஊத்தி ஓட்டியிருக்கறாங்க. யாருங்க ஊத்துனது?"

குப்பண்ணனுக்கு முகம் காந்தியது. மெஷின் நின்ற அன்று காலை ஆயில் தீர்ந்திருந்தது. ஒரு தடவைதானே, என்ன ஆகிவிடும் என்று வெறும் பெட்ரோலை ஊற்றி மாரீஸ்வரனிடம் கொடுத்தவர் அவர்தான். புனலைப் பிடித்துக்கொண்டு நின்றவள் ஜீவிதா.

"வேலைக்கு இருந்த ஆளுங்க" என்றார்.

ஜீவிதா அவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கடையைவிட்டு இறங்கி ரோட்டோரமாகப் போய் நின்றுகொண்டாள்.

"எஞ்சின் போச்சுங்க. மத்த சாமானுக்கு வேணும்னா ரெண்டாயிரம் தர்றேன்" என்றாள் வனிதா.

குப்பண்ணனுக்கு அது காதில் ஏறவில்லை. மகளின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊத்துனது நானுங்க."

"யாரு ஊத்துனாலும் வெல அதேதானுங்க" என்றாள் வனிதா சாதாரணமாக. அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டு இறங்கினார்.

அன்று சாயங்காலமே மாரீஸ்வரன் வீட்டுக்குப் போனார். அவன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான்.

"மாரீசு, மெஷினக் கெடுத்தது நாந்தான். உன்னயப் போயி அப்புடிப் பேசிட்டேன்."

மாரீஸ்வரன் வாளியைக் கீழே வைத்தான். "பேசும்போது டீக்கடையில வெச்சுப் பேசுனீங்க. இப்ப யாருமில்லாதப்ப ஊட்டுக்கு வந்து சொல்றீங்க. ரேஷன் கடையில எம் பொண்டாட்டிய ஒரு மாதிரி பாக்கறாங்க. அவங்களுக்கு யாரு சொல்றதுங்க?"

குப்பண்ணன் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டார்.

மறுநாள் காலை டீக்கடையில் கூட்டம் சேரும்வரை உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து நின்றார். "மாரீசு மேல தப்பில்லீங்க. மெஷினக் கெடுத்தது நான். அவன் எதயும் திருடல" என்றார்.

"அப்பறம் ஏனுங்க அன்னைக்கு அந்தப் பேச்சுப் பேசுனீங்க?" என்று ஒருவர் கேட்டார். பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். குப்பண்ணன் நின்றுகொண்டே இருந்தார். இதையெல்லாம் மாரீஸ்வரன், செய்யாத ஒன்றுக்காகத் தாங்கிக்கொண்டு நின்றான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

மாரீஸ்வரன் மறுபடி அவர் தோப்புக்கு வேலைக்கு வரவில்லை. கூப்பிடும் தைரியம் அவருக்கும் வரவில்லை. வழியில் எதிர்ப்பட்டால் அவன் லேசாகத் தலையை ஆட்டிவிட்டுப் போவான். அந்தச் சின்ன மரியாதையைக்கூட அவரால் நேராகப் பார்த்து வாங்கிக்கொள்ள முடியவில்லை.