கணினிக்குள் அண்ணனின் கணினி

அண்ணன், வீடுகளுக்கு வரைபடம் போடுபவர். கோடு அவ்வளவு நேராக விழும் என்பதால் தெருவில் அவருக்கு ‘ஸ்கேல்’ என்றே பெயர். பக்கவாதம் வந்து வலது கை விழுந்தது. பேச்சும் பாதி போயிற்று. பழகிய வேலையைக் கண்ணில் காட்டுங்கள், பலன் இருக்கலாம் என்றார் டாக்டர். ஆனால் அவர் வரைபடம் போட்டுவந்த பழைய கணினி எப்போதோ புகைந்து அடங்கியிருந்தது.

தங்கைக்கு சர்வர் அறையில் வேலை. அந்தப் பழைய கணினியின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி நகலெடுத்துத் தன் லேப்டாப்புக்குள் ஒரு விர்ச்சுவல் மெஷின் அமைத்தாள். கணினிக்குள் இன்னொரு கணினி. எவ்வளவு மெமரி, எத்தனை பிராசஸர் என்பதையெல்லாம் ஓடவிடுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். அண்ணனுக்காயிற்றே என்று தாராளமாக நாலு ஜி.பி. கொடுத்தாள். வரையும் மென்பொருள் திறந்த வேகத்தில் மூடிக்கொண்டது.

அணைத்தாள். மெமரியை அரை ஜி.பி. ஆக்கினாள். பிராசஸர் ஒன்று போதும். நெட்வொர்க்கை எடுத்தே விட்டாள்.

பக்கத்தில் நின்ற அண்ணி கேட்டாள். “நிறைய கொடுத்தா நல்லா ஓடாதா?”

“அந்தக் காலத்துது அண்ணி. அதிகம் கொடுத்தா அதுக்கு வாங்கிக்கத் தெரியாது.”

இம்முறை ஓடியது. அவர் பாதியில் விட்ட ஒரு மாடி வீட்டின் வரைபடம் திரையில் விரிந்தது. அண்ணனை நாற்காலியோடு நகர்த்தி, மவுஸை இடது கையில் வைத்தார்கள். அவர் அதைத் தொடாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“யாரு... வரைஞ்சது?”

“நீதான் அண்ணா.”

அவர் தலையாட்டி மறுத்தார். “நல்லா... வரைஞ்சிருக்கான்.”

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் தங்கை வந்தபோது, அவள் விட்டுப்போன லேப்டாப் பீரோவுக்குள் இருந்தது.

“தினமும் அதை வரைஞ்ச ஆளை வரச் சொல்லுங்கிறார். நான் என்னத்தைச் சொல்ல?” என்றாள் அண்ணி.

அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். தங்கையைக் கண்டதும் முகம் தெளிந்தது.

“மாடிப்படி... பாக்கி இருக்கு. அவன் வருவானா?”

தங்கை அவர் காலடியில் உட்கார்ந்து, விழுந்துபோன அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“வெளியூர் போயிருக்காரு அண்ணா,” என்றாள்.