ஆல்பத்துக்குள் போன சத்தங்கள்

‘மூணாம் மாடி’ குழு தன் ஒன்பதாவது ஆல்பத்துக்காக முதலில் பதிவு செய்தது ஒலிப்பதிவுக் கூடத்துக் கதவின் கிரீச்சிடலை. அன்று மாலையிலிருந்து அந்தக் கதவு சத்தமில்லாமல் திறந்து சத்தமில்லாமல் மூடியது. யாரோ எண்ணெய் விட்டிருக்கிறார்கள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். குழுவில் மூன்று பேர். கனத்த குரல்காரனுக்குப் பீப்பாய் என்று பெயர். மூச்சு விடாமல் சொற்களைக் கொட்டுகிறவன் ஊசி. இசைத்தட்டைச் சுழற்றி இருவருக்கும் தாளம் கட்டிக் கொடுக்கிறவன் தட்டு. வாலிபத்தில் ஒரு குடியிருப்பின் மூன்றாம் மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்து ராப் பாடத் தொடங்கியவர்கள், ஐம்பதைத் தாண்டியும் விடவில்லை. பேரப்பிள்ளை எடுக்கிற வயதில் தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அலைகிறார்களே என்று ஊர் சிரித்தது. கடைசி இரண்டு ஆல்பங்களும் வந்த சுவடு தெரியாமல் போயிருந்தன. அதனால் தட்டு இந்த முறை கடையில் கிடைக்கிற தாளங்களைத் தொடுவதில்லை என்று முடிவு செய்து, கையில் மைக்கோடு தெருவில் இறங்கினான்.

ரொட்டிக் கடையின் இரும்பு ஷட்டர் இறங்கும் ஓசையைப் பிடித்தான். மறுநாள் ஷட்டர் துணியைப் போல இறங்கியது. குடியிருப்பின் தண்ணீர் மோட்டாரைப் பிடித்தான். மோட்டார் ஓடுவதே தெரியாமல் தொட்டி வழிந்து கீழ்வீட்டுச் சுவரெல்லாம் ஊறிப்போனது. பாலத்தருகே நின்று ரயிலைப் பிடித்தான். அடுத்த நாள் காலை அந்த இடத்தில் ரயில் ஓசையே இல்லாமல் வந்து, தண்டவாளத்தோரம் புல் வெட்டிக்கொண்டிருந்தவரின் கையை முறித்துவிட்டுப் போனது. பின்னால் எதுவும் வந்த மாதிரியே இல்லை என்று அவர் ஆஸ்பத்திரியில் திரும்பத் திரும்பச் சொன்னாராம். அதைக் கேள்விப்பட்டதும்தான், தான் பிடித்த ஓசையெல்லாம் வெளியில் இல்லாமல் போவது தட்டுவுக்குப் புரிந்தது. ஓடிப்போய் முதல் வேலையாக ஷட்டரின் ஓசையைக் கணினியிலிருந்து அழித்தான். கணினியிலிருந்து போனது, ஷட்டருக்குத் திரும்பவில்லை. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாயிற்று. பீப்பாய், “வெளியில இல்லாதது இங்கயாவது இருக்கட்டும்டா. அழிச்சா ரெண்டு எடத்துலயும் போயிடும்” என்றான். மனமறிந்து மைக் முன்னால் நின்று பாடியதாலோ என்னவோ, பாடுகிற இருவரின் குரலும் அவரவர் தொண்டையிலேயே இருந்தது. கேட்காமல் எடுத்ததுதான் திரும்பவில்லை.

தட்டுவின் மனைவிக்குப் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு வேலை. பல் பிடுங்க வந்து நடுங்குகிறவர்கள், அவள் கலகலவென்று சிரிப்பதைக் கேட்டுப் பாதித் தைரியம் பெறுவார்கள். ஒரு மதியம் அவள் ஒலிப்பதிவுக் கூடத்துக்குச் சாப்பாடு கொண்டுவந்த நேரத்தில், வேகமாகப் பாடிக்கொண்டிருந்த ஊசி நாற்காலியோடு மல்லாந்து விழுந்தான். அவள் வாசலில் நின்று வயிறு குலுங்கச் சிரித்தாள். மைக் திறந்திருந்தது. அதன் பிறகு அவளால் பேச முடிந்தது, பாட முடிந்தது, இரும முடிந்தது. சிரிப்பில் மட்டும் சத்தம் வரவில்லை. டாக்டர் தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்றார். வாய் திறந்து, தோள் குலுங்கி, ஒலி மட்டும் இல்லாமல் சிரிக்கிற பெண்ணைப் பார்த்து நோயாளிகள் மிரண்டார்கள். அவளைப் பின்னால் மருந்து அறைக்கு மாற்றினார்கள். தட்டு காரணத்தை அவளிடம் மறைத்தான். அவளுடைய சிரிப்பு ஐந்தாவது பாட்டில் தாளத்தோடு தாளமாக உட்கார்ந்திருந்தது. குழு இத்தனை வருஷத்தில் செய்ததிலேயே நல்ல பாட்டு அதுதான். ஹெட்போனில் அதைக் கேட்டுக் கண்கலங்கி உட்கார்ந்திருந்தவனை ஒரு நாள் அவள் பார்த்துவிட்டாள். ஹெட்போனை வாங்கித் தன் காதில் மாட்டிக்கொண்டாள்.

“இது நானா?”

“நீதான். ஊசி விழுந்தான்ல, அன்னைக்கு.”

“என்னைய டாக்டர் டாக்டரா அலையவிட்டுட்டு, நீங்க இங்க உக்காந்து தனியாக் கேட்டுட்டு இருந்தீங்களா?”

 அவள் ஒரு வார்த்தை சொன்னால் பாட்டையே அழித்துவிடுவதாக அவன் முணுமுணுத்தான். அவள் பாட்டை இன்னொரு தடவை கடைசிவரை கேட்டாள்.

“அழிக்காதீங்க. எங்கயாவது அது இருக்கணும். ஆனா உங்க கையால இனிமே யாரோடதையும் பிடிக்காதீங்க.”

அவன் சத்தியம் செய்தான், காப்பாற்றவும் செய்தான். ஆல்பம் வெளியாகி ஊர் முழுக்கப் பற்றிக்கொண்டது. சலூனிலும் பஸ்ஸிலும் முன்பின் தெரியாதவர்கள் அவள் சிரிப்பைக் கேட்டுத் தாங்களும் சிரித்தார்கள். கடந்து போகும் கார்களிலிருந்து அது வரும்போது அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். வெளியீட்டு நிகழ்ச்சி பெரிய விளையாட்டு அரங்கில் நடந்தது. எதையும் பதிவு செய்யக் கூடாது என்று தட்டு ஆல்பத்தை வெளியிட்ட கம்பெனிக்காரர்களிடம் கெஞ்சியிருந்தான். அவர்கள் தலையை ஆட்டிவிட்டு, கூட்டத்தின் ஆரவாரத்தைத் தனி ஆல்பமாக விற்கலாம் என்று கூரை நெடுக மைக்குகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஐந்தாவது பாட்டு முடிந்ததும் அரங்கமே எழுந்து ஆர்ப்பரித்தது. ஒரு மூச்சு நேரம் அந்த இரைச்சல் இருந்தது, பிறகு அறுந்தது. ஆயிரமாயிரம் வாய்கள் திறந்திருந்தன. உள்ளங்கைகள் மோதிக்கொண்டே இருந்தன. ஓர் ஓசையும் இல்லை. மைக்தான் கெட்டுவிட்டது என்று பீப்பாய் அதைத் தட்டிப் பார்த்தான். தட்டு மேலே அண்ணாந்து கூரையைப் பார்த்தான், பிறகு முன்வரிசையைப் பார்த்தான். அங்கே அவன் மனைவி தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும் இருந்த பெண்கள் அவளைப் போலவே சிரித்துக்கொண்டிருந்தார்கள். பல மாதங்களில் முதல் தடவையாக யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஊசி விரல்விட்டு எண்ணிக் காட்ட, ஆறாவது பாட்டு தொடங்கியது. ஒருவரும் எழுந்து போகவில்லை. இப்போதெல்லாம் அந்த ஊர்க் கூட்டங்களில் ஒன்று பிடித்துப்போனால் இரண்டு கைகளையும் உயரத் தூக்கிப் பிடிக்கிறார்கள். அவை இறங்கும்வரை மேடையில் இருப்பவர்கள் காத்திருக்கிறார்கள்.