பெரிய கைகள் விற்ற வாரம்

கூடத்தின் மேற்குச் சுவரோரம் அம்மா தங்கம்மாள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அக்கா சுடர்விழி, நடவிலிருந்து வந்த சேற்றுக்காலோடு வாசற்படியில். நான், செழியன், தையல் மெஷின் பலகையில் தாளை விரித்து நாற்காலியில். அண்ணன் பரணிதரன் சிங்கப்பூரில். அவன் முகம் மட்டும் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்த போனில்.

புறவழிச்சாலைக்குப் போன நிலத்துக்கு வந்த இழப்பீட்டை, அண்ணன் சொல்லித்தான் கம்ப்யூட்டர் சிப் செய்யும் ஒரு கம்பெனியின் பங்குகளில் போட்டோம். கணக்கு அக்கா, அண்ணன், நான் என மூவர் பேரிலும் கூட்டாக இருக்கிறது. விற்க வேண்டுமானால் மூவரும் கையெழுத்திட வேண்டும். வாங்கும்போது அவன் சொன்ன காரணம் ஒன்றே: "பாதிக்கு மேல பெரிய ஃபண்டுங்க கையில இருக்கு. அவங்க இருக்கற இடத்துல நமக்கென்ன பயம்?"

இப்போது, பலருடைய பணத்தைத் திரட்டிப் பங்கு வாங்கும் அந்த ஃபண்டுகளில் ஒன்று தன் பங்குகளை விற்றுக்கொண்டிருந்தது. விலை ஒரே வாரத்தில் கால்பங்கு இறங்கிவிட்டது. 'எல்லாப் பங்குகளையும் விற்கவும்' என்று கையெழுத்திட்ட தாளை அண்ணன் கூரியரில் அனுப்பியிருந்தான்.

அந்தப் பணத்தில்தான் அக்கா நெல் உலர்த்தும் இயந்திரம் வாங்க இருந்தாள். ஈரம் அதிகம் என்று அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் திருப்பிவிட்டால், ரோட்டில் கொட்டிக் காயவைத்து வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். சம்பா அறுப்புக்குள் இயந்திரம் வந்துவிட்டால் அந்தப் பாடு இல்லை. ஊருக்கும் வாடகைக்கு விடலாம்.

"இன்னும் இறங்குச்சுன்னா மெஷினும் போச்சு. வித்துடுங்க" என்றார் அம்மா.

"கம்பெனிக்கு என்னடா ஆச்சு?" என்று அக்கா என்னைக் கேட்டாள்.

படித்துவைத்திருந்ததைச் சொன்னேன். கம்பெனிக்கு ஆர்டர் கூடியிருக்கிறது, லாபமும் குறையவில்லை. விற்கிற ஃபண்டில் பணம் போட்டவர்கள்தான் திருப்பிக் கேட்கிறார்கள். கொடுப்பதற்காக அது கையிலிருப்பதை விற்கிறது. அதைப் பார்த்து மற்றவர்களும் பயந்து விற்கிறார்கள்.

அக்கா சிரித்தாள். "குறுவையில வைரக்கண்ணு லாரி ஏத்துன கதைதான்."

ஊரில் அதிக நிலம் வைரக்கண்ணுவுக்கு. குறுவை அறுப்பில் அவர் நெல்லை நிலையத்துக்குக் கொண்டுபோகாமல் வியாபாரிக்குக் கொடுத்தார். நிலையத்தை மூடப்போகிறார்கள், அவருக்குத் தகவல் வந்திருக்கிறது என்று ஊரே பின்னால் ஓடி, கேட்ட விலைக்குக் கொடுத்தது. நாங்களும்தான். மறுநாளும் நிலையம் திறந்தேயிருந்தது. அவர் மனைவிக்கு அவசர ஆபரேஷன், ரொக்கம் தேவைப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

"ஃபண்டுக்காரங்களுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?" என்றான் அண்ணன்.

"அவங்க அவசரம் அவங்களுக்கு. ஏசியில உட்காந்துகிட்டு உனக்கு எதுக்குடா வேர்க்குது?" என்றாள் அக்கா.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"அக்கா, வைரக்கண்ணு ஒருத்தர்தான்" என்றேன் நான். "இந்தப் பங்குல அவர மாதிரி அஞ்சாறு பேரு. எல்லாரும் சேந்து கிளம்புனா கம்பெனி நல்லா இருந்தாலும் விலை இறங்கும். எப்ப ஏறும்னு யாராலயும் சொல்ல முடியாது."

அக்கா காலில் காய்ந்த சேற்றை உரித்துக்கொண்டே யோசித்தாள். "அப்ப மெஷினுக்கு முன்பணம் எவ்வளவோ அதுக்கு மட்டும் விப்போம். மீதிய வாடகை வந்தப்புறம் வாங்கிக்கறேன்னு கும்பகோணத்துக் கடைக்காரர் சொல்லியிருக்காரு. மிச்சப் பங்கு கிடக்கட்டும். அது இறங்குச்சுன்னு என் நெல்லு முளைச்சுப் போயிடாது."

 "முன்பணத்துக்கு எவ்வளவு விக்கணும்?" என்றான் அண்ணன்.

"மூணுல ஒரு பங்கு போதும்" என்றேன்.

"சரி, வேற தாள் எழுதி அனுப்பு. கையெழுத்துப் போடறேன். ஆனா மெஷின் மேல என் பேரும் எழுதணும்."

"எழுதறேன். லீவுல வந்து நெல்லு அள்ளிக் கொட்டு" என்றாள் அக்கா.

பழைய தாளைக் கிழித்துவிட்டு, புதுத் தாளில் விற்கவேண்டிய எண்ணிக்கையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதினேன். அக்கா கைகழுவி வந்து கையெழுத்திட்டாள், நானும் இட்டேன். கூடவே அண்ணனுக்குத் தனியாக ஒரு பக்கம்: என்ன முடிவு, ஏன், மீதிப் பங்குகளை அடுத்து எப்போது பார்ப்பது என்று. திருக்காட்டுப்பள்ளித் தபால் நிலையத்தில் உறையை ஒட்டி, சிங்கப்பூர் முகவரியை இன்னொருமுறை சரிபார்த்து, ஸ்பீட் போஸ்டில் கொடுத்தேன்.